திடலுக்கு வெளியே ஒரு வேலை: கல்லூரி விளையாட்டை நடத்துகிறவர்களும் அவர்களுக்கான சங்கங்களும்

செர்டாங் என்று சொன்னவுடன் "யூ.பி.எம். பக்கமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அது சிலாங்கூர் செர்டாங். 1931-இல் விவசாயப் பள்ளி தொடங்கிய இடம். 1971-இல் அது விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-இல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. நான் சொல்லும் செர்டாங் கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கூலிம், மறுபக்கம் பாரிட் புந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள், சில கடைவரிசைகள், ஒரு திடல். எங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இல்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகள் எஸ்.பி.எம். முடித்த பிறகு என்ன ஆகிறார்கள் என்பதைப் பற்றியது.

பள்ளியில் இருக்கும்வரை ஓர் ஏணி இருக்கிறது. இல்ல விளையாட்டு, பிறகு மாவட்டம், மாநிலம், தேசிய அளவு. ஒவ்வொரு படியிலும் பள்ளி விளையாட்டு மன்றம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். பாரம் நிரப்புவது அவர், வேனுக்குச் சொல்வது அவர், சில வேளைகளில் காலணி வாங்கித் தருவதும் அவர்தான். கல்லூரிக்குப் போனதும் அந்த ஆள் மறைந்துவிடுகிறார். தானே போய்க் கேட்கத் தெரிந்த பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. கூச்சப்படும் பிள்ளை ஓட்டத்தை விட்டுவிடுகிறது.

நான் வட மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியின் விளையாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். பிரிவு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு மேசை, ஒரு கிடங்கு, நான். சில ஆண்டுகளுக்கு முன் டிப்ளோமாவில் சேர்ந்த ஒரு மாணவி 1,500 மீட்டரில் மாநில அளவில் ஓடியவள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவள் எங்கள் கல்லூரியில் சேரவில்லை, வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே விளையாட்டை மாணவர் விவகாரப் பிரிவின் குமாஸ்தா ஒருவர் மற்ற பதினைந்து வேலைகளோடு பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிகளுக்கு இடையிலான திடல்தடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் கடந்த பிறகுதான், அப்படி ஒரு போட்டி இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு கேட்டேன். "விட்டுட்டேன் அண்ணே, வெயிட்டு போட்டுட்டேன்" என்று சிரித்தாள். அந்தக் குமாஸ்தா கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை.

கல்லூரி விளையாட்டு அதிகாரியின் வேலை விசில் ஊதுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. விசில் ஊதும் நாள்கள் ஆண்டில் மிகக் குறைவு. போட்டியாளர் உண்மையிலேயே பதிவு செய்த மாணவர்தானா என்று சரிபார்க்க வேண்டும். காப்புறுதி எடுக்க வேண்டும். ஜெர்சிக்கு மூன்று கடைகளில் விலை கேட்டு நிதிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பஸ் ஏற்பாடு, திடல் முன்பதிவு, பெற்றோர் கடிதம், மருத்துவப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, போட்டி நாளில் தேர்வு வைத்திருக்கும் விரிவுரையாளரிடம் மாற்றுத் தேதி கேட்பது. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டும். அதைவிட, இதே வேலையைச் செய்யும் இன்னொருவரின் அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தைக் கைமாற்றிக் கொடுப்பதற்குத்தான் தொழில்முறைச் சங்கங்கள் தோன்றின.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் பல்கலைக்கழக விளையாட்டு மன்றம் இருக்கிறது, 'மாசும்' என்று மாணவர்கள் அறிவார்கள். தனியார் கல்லூரிகளுக்கும் மன்றம் உண்டு. இவற்றில் உறுப்பினர் நிறுவனங்கள். இவை போட்டி நடத்துகின்றன, விதி வகுக்கின்றன, அணி அனுப்புகின்றன. உலக அளவில் இதே வேலையைச் செய்வது 1949-இல் அமைந்த அனைத்துலகப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனம். 1959-இல் இத்தாலியின் தூரின் நகரில் முதல் யுனிவர்சியாட் போட்டியை நடத்தியது அதுதான். தொழில்முறைச் சங்கம் வேறு வகை. அதில் உறுப்பினர் தனி மனிதர். கல்லூரி மாறினாலும் அவர் உறுப்பினராகவே இருப்பார். நாளை வேலை போனாலும் கேட்பதற்கு அங்கே நாலு பேர் இருப்பார்கள். போட்டி மன்றங்கள் நம்மிடம் வலுவாக இருக்கின்றன. ஆளுக்குத் துணை நிற்கும் சங்கங்கள் அந்த அளவுக்கு வளரவில்லை என்பது என் கருத்து.

இந்த வகைச் சங்கங்கள் அதிகம் வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே கல்லூரி விளையாட்டு பெரும் பணம் புரளும் துறை, நம் நிலைமையோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் சங்கங்களின் அமைப்பைப் பார்ப்பதில் பயன் உண்டு. கல்லூரி விளையாட்டு இயக்குநர்களின் தேசியச் சங்கம், சுருக்கமாக 'நாக்டா', 1965-இல் தொடங்கப்பட்டது. ஒஹையோ மாநிலத்தில் அதன் அலுவலகம். இயக்குநர்களுக்கு மட்டும் என்று நின்றுவிடாமல், டிக்கெட் விற்று விளம்பரம் செய்பவர், கணக்கு வழக்குப் பார்ப்பவர், நன்கொடை திரட்டுபவர், அரங்கத்தைப் பராமரிப்பவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் அதன் குடையின் கீழ் தனிச் சங்கம் வந்தது. ஆண்டுக்கொரு மாநாட்டில் எல்லாரும் கூடுகிறார்கள். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து எந்தக் கல்லூரி சிறந்தது என்று 1993-94 முதல் ஒரு கோப்பையும் வழங்கப்படுகிறது. முதல் ஆண்டு வட கரோலினா வென்றது. அடுத்த 25 ஆண்டுகள் ஸ்டான்ஃபர்ட் விட்டுக்கொடுக்கவே இல்லை.

புள்ளிவிவரம் எழுதி வைப்பவர்களுக்கும் பத்திரிகைக்குச் செய்தி கொடுப்பவர்களுக்கும் 1957-லேயே தனிச் சங்கம் அமைந்துவிட்டது. 'கோசைடா' என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் அழைக்கப்பட்ட அது, 2022-இல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. விளையாட்டு வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. ஒரு மாணவன் பயிற்சியால் வகுப்பைத் தவறவிட்டால் அவனுக்காகப் பேராசிரியரிடம் பேசுவதையே முழுநேர வேலையாகச் செய்யும் ஆட்கள் அவர்கள். இதைப் படித்தபோது எனக்குப் பொறாமை வந்தது உண்மை.

ஆனால் எனக்குப் பிடித்த கதை பணக்காரக் கல்லூரிகளின் கதை அன்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் டில்லர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட கல்விக்கூடம். நிறத்தால் பிரித்து வைத்திருந்த காலம் அது. அங்கே வேலை பார்த்த வில்லியம் வாசன் என்பவருக்கு ஒரு கவலை. கல்லூரி அணியில் இடம் பிடிக்கும் சிலருக்கு எல்லாம் கிடைக்கிறது, அணியில் இல்லாத பெரும்பாலான மாணவர்கள் விளையாடுவதற்கு யார் ஏற்பாடு செய்வது? விடுதிக்கு விடுதி, வகுப்புக்கு வகுப்பு நடக்கும் உள்போட்டிகளைப் பற்றிய கவலை இது. 1950-இல் 11 கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஆணும் பெண்ணுமாக 22 பேர் டில்லர்டில் கூடி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று 'நிர்சா' என்ற பெயரில் அமெரிக்கக் கல்லூரிகளின் பொழுதுபோக்கு விளையாட்டுத் துறை முழுவதற்கும் அதுவே பெரிய சங்கம். வெறும் 22 பேர். நம் ஊர்க் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கே அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

இனி ஆராய்ச்சியாளர்கள். விளையாட்டில் என்ன ஆராய்ச்சி என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. ஒரே ஓர் உதாரணம் போதும்.

1972-இல் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண் என்பதால் எந்த வாய்ப்பையும் மறுக்கக் கூடாது என்றது அது. விளையாடும் பெண்களின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். நியூ யார்க் நகரின் புரூக்ளின் கல்லூரியில் வேலை பார்த்த விவியன் அகோஸ்டா, லிண்டா ஜீன் கார்ப்பென்டர் என்ற இரு பெண்கள் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள், சரி, நடத்துகிறவர்கள் யார்? 1977 முதல் கல்லூரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி விடைகளை எண்ணத் தொடங்கினார்கள். 2014 வரை, 37 ஆண்டுகள் எண்ணினார்கள்.

வந்த விடை யாரும் எதிர்பாராதது. சட்டம் வந்த 1972-இல் பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். 2014-இல் ஏறக்குறைய 43 பேர்தான். பெண்கள் விளையாட்டுப் பிரிவின் தலைமை நிர்வாகிகளும் 1972-இல் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் பெண்களாக இருந்தார்கள். 2014-இல் கல்லூரி விளையாட்டு இயக்குநர்களில் பெண்கள் 22 விழுக்காடு அளவில்தான் இருந்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கடினம் இல்லை. பெண்கள் பிரிவு தனியாக, காசில்லாமல் இருந்தவரை அதை நடத்தும் வேலை பெண்களுக்கே விடப்பட்டது. பணமும் மதிப்பும் வந்தபோது இரண்டு பிரிவுகளும் ஒன்றாக்கப்பட்டன, நாற்காலி ஆணுக்குப் போனது. இந்த எண்கள் இல்லாவிட்டால் "பெண்கள் விளையாட்டு வளர்ந்துவிட்டது" என்று பேசி முடித்திருப்பார்கள். 1979-இல் பெண் நிர்வாகிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு இன்றுவரை பயிற்சியும் வழிகாட்டலும் நடத்தி வருவதன் நியாயத்தை அந்த எண்கள்தான் காட்டுகின்றன.

நம் கணக்கை யார் எடுப்பது? தமிழ்ப்பள்ளிகள் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றிலிருந்து மாநில அளவுவரை ஓடிய பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரியிலும் ஓடுகிறார்கள்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த வயதில் நிறுத்துகிறார்கள், ஏன்? புறப்பாடத்தில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் இறுதியாண்டு ஆய்வேடு எழுத வேண்டிய ஒரு மாணவரும் சேர்ந்தால் ஒரு மாவட்டத்துக்காவது இதைச் செய்யலாம். தலைப்பு கிடைக்கவில்லை என்று அலையும் இறுதியாண்டு மாணவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு மேலாண்மை ஆய்வாளர்களுக்கு 1985-இல் வட அமெரிக்காவில் ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழ்க் காதில் கேட்டால் 'நாசம்' என்று விழும். செய்த வேலை நேரெதிர். இரண்டே ஆண்டில், 1987-இல், ஓர் ஆய்விதழைத் தொடங்கி, விளையாட்டு மேலாண்மை ஒரு கல்வித் துறை என்பதை நிலைநாட்டியது. ஐரோப்பாவிலும் பிறகு ஆசியாவிலும் இதேபோன்ற சங்கங்கள் வந்தன. ஆராய்ச்சியாளர்கள் எப்போதும் நிர்வாகிகளுக்குத் தாளம் போடுகிறவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1999-இல் டிரேக் பல்கலைக்கழகத்தில் கூடிய பேராசிரியர்கள் சிலர், வெற்றிக்காக மாணவர்களின் படிப்பைப் பலி கொடுக்கிறார்கள் என்று கல்லூரிகள் மீதே குற்றம் சாட்டி ஒரு குழு அமைத்தார்கள். டிரேக் குழு என்றே அதற்குப் பெயர். இப்படிக் கேள்வி கேட்கும் ஆட்களும் துறைக்கு வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. தமிழ் மண்ணில் இதன் தொடக்கம் நூறாண்டு பழையது. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆசியாவிலேயே முதலில் தோன்றிய கல்லூரி என்ற பெயர் அதற்கு உண்டு. இன்று நந்தனத்தில் மரங்கள் அடர்ந்த அதன் வளாகத்தைச் சென்னைக்குப் போகிறவர்கள் பார்க்கலாம். 1924 பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியுடன் பக் சென்றார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதில் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரன் என்பவருக்கும் பக்குக்கும் பங்கு உண்டு. ஆசிரியர் பயிற்சியும் நிர்வாகச் சங்கமும் அங்கே ஒன்றாகவே பிறந்தன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 1925-இல் அமைந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது அதுதான். ஒட்டுமொத்தத்தில் முதலிடம் பெறும் பல்கலைக்கழகத்துக்கு 1956-57 முதல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே ஒரு பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் இயங்குகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். டாக்டர் மணி ஜெகதீசனைப் பற்றிப் பெரியவர்களிடம் கேளுங்கள், கண் விரியும். பேராக்கில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக் போட்டியில் ஓடியபோது வயது 16. 1962-இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். 1966-இல் பேங்காக்கில் 100, 200, நான்கு பேர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம். 1968 மெக்சிகோவில் 200 மீட்டர் அரையிறுதிவரை சென்று அவர் ஓடிய 20.92 வினாடி, 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது.

இதை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்த ஓட்டத்தில் ஒரு பகுதி சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்து ஓட்டம். அப்போது அவர் பல்கலைக்கழக மாணவர். காலணியைக் கழற்றிய பிறகும் அவர் விளையாட்டை விட்டுப் போகவில்லை. ஆராய்ச்சித் துறையில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர் பொறுப்புவரை உயர்ந்தார். மறுபக்கம் மலேசிய ஒலிம்பிக் மன்றத்தின் துணைத் தலைவராகவும், ஆசிய, காமன்வெல்த் விளையாட்டுகளின் மருத்துவக் குழுக்களிலும் இருந்தார். ஊக்கமருந்துச் சோதனை, வீரர்களின் உடல்நலம் போன்றவற்றில் முடிவெடுக்கும் மேசையில் ஒரு மலேசியத் தமிழர் அமர்ந்திருந்தார். ஓட்டக்காரர், ஆராய்ச்சியாளர், நிர்வாகி என்ற மூன்றும் ஒரே ஆளில் சேர முடியும் என்பதற்கு நம்மிடமே ஆதாரம் இருக்கிறது. அந்த மேசைகளில் இன்று நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மருத்துவமும் சட்டமும் பொறியியலும் பேசும் பெற்றோர் கூட்டங்களில் விளையாட்டு அறிவியல் என்ற பெயர் அடிபட்டு நான் கேட்டது மிகக் குறைவு.

படிப்பு இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் விளையாட்டு அறிவியல் அல்லது விளையாட்டுக் கல்வி சார்ந்த பட்டப் படிப்புகள் உண்டு. அறிவியல் மலேசியப் பல்கலைக்கழகம் கிளந்தான் வளாகத்தில் இதைக் கற்பிக்கிறது. செர்டாங்கிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய அதன் நிபோங் திபால் வளாகம் பொறியியலுக்கானது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு செய்தி, பத்தாண்டுகளாக நான் திரும்பத் திரும்பச் சொல்வது. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளி நூற்றில் பத்து புறப்பாடத்துக்கு உரியது. மாவட்ட, மாநில அளவில் ஓடிய சான்றிதழைத் தகர டப்பாவில் போட்டுத் துருப்பிடிக்க விடாதீர்கள். அசலும் நகலும் தனித்தனியாக இருக்கட்டும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே விளையாட்டை யார் கவனிக்கிறார் என்று கேளுங்கள். பெயர் தெரிந்துகொண்டு நேரில் போய் நில்லுங்கள். அவரிடம் பெயர்ப் பட்டியல் முடியும் தேதியைக் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளை கூச்சப்பட்டால் நீங்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதில் தவறில்லை.

சங்கம் அமைப்பது பெரிய காரியம் என்று மலைக்க வேண்டியதில்லை. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். போட்டி விளையாட்டு நடத்தும் அமைப்பாக இருந்தால் 1997-ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ் போவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. கூலிம், சுங்கை பட்டாணி, பாரிட் புந்தார் வட்டாரத்தில் கல்லூரி விளையாட்டைக் கவனிக்கும் பதினான்கு பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருக்கிறோம். அதில் மூன்று பேர்தான் பெண்கள். நான் மேலே சொன்ன குமாஸ்தாவும் இப்போது அதில் இருக்கிறார், அதிகம் கேள்வி கேட்பவரும் அவர்தான். போட்டித் தேதி தெரிந்தவுடன் ஒருவர் போடுவார், மற்றவர்கள் தங்கள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். போன முறை இரண்டு கல்லூரிகள் ஒரே பஸ்ஸில் போய்ச் செலவைப் பாதியாக்கின. அடுத்த கூட்டம் பாரிட் புந்தாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில். பேச வேண்டியது ஒன்றுதான்: போட்டி நாளில் தேர்வு வந்தால் மாற்றுத் தேதி கேட்பதற்கு எல்லாக் கல்லூரிகளும் ஏற்றுக்கொள்ளும் ஒரே மாதிரியான கடிதம். முதல் வரைவு என் கையில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.